வெயிலைத் தடுக்கும் ஆடை: யாருக்குத் தேவை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் துணிக்கடைகளில் ஒரு புதிய வரிசை இடம்பிடித்துவிடுகிறது. மகளிருக்கான மெல்லிய மேலங்கி, இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கான நீண்ட கையுறை, முகத்தையும் கழுத்தையும் மூடும் துணி எனப் பலவும் அதில் உண்டு. அவற்றுள் சிலவற்றில் 'யு.பி.எஃப். 50+' என்ற சீட்டு தொங்கும். விலையும் வழக்கமான உடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். "இதை அணிந்தால் தோல் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா?" என்று எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் கேட்பதுண்டு.

இக்கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. இதனை எங்களிடம் கேட்போருள் பெரும்பாலோர், வெயிலில் நிறம் மங்கிவிடுமோ என்று அஞ்சும் உடல்நலமுள்ள இளம்பெண்களே. சூரிய ஒளியால் உண்மையாகவே ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் மருந்து, உப்பு, நீர் ஆகியவற்றின் அளவைக் கேட்டறிந்து செல்கிறார்; உடையைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை. அஞ்சத் தேவையில்லாதவர் அச்சத்தை விடவும், கவனம் தேவைப்படுவோர் கவனம் கொள்ளவும் இக்கட்டுரை உதவ வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கதிர் செய்யும் வேலை

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. அவற்றுள் இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. புற ஊதா 'பி' கதிர் தோலின் மேலடுக்கைத் தாக்கி, உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளை நேரடியாகச் சிதைக்கிறது. புற ஊதா 'ஏ' கதிர் இன்னும் ஆழமாகச் செல்கிறது; சன்னல் கண்ணாடியையும் ஊடுருவுகிறது. நம் உடலில் இச்சிதைவைச் சீர்செய்யும் ஏற்பாடு உண்டு. சீர்செய்யப்படாத சிதைவுகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது சில உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. அதுவே புற்றுநோய். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1992ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

இக்கதிரின் வலிமையைப் புற ஊதாக் குறியீட்டெண் என்னும் அளவால் குறிக்கின்றனர். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்புத் தேவை. 8 முதல் 10 வரை மிகவும் கடுமை. 11 அல்லது அதற்கு மேல் உச்சம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நிலப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் இவ்வெண் மிக உயர்ந்தே இருக்கும். குளிர்ச்சியை நம்பி ஏமாறவும் கூடாது. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகிறது. 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த உதகையிலும் கொடைக்கானலிலும் உடல் குளிர்ந்திருக்கும்போதே தோல் கதிரை வாங்கிக்கொண்டிருக்கும். மெல்லிய மேகமும் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. குறியீட்டெண்ணை அறிய வழியில்லாதபோது உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்பது பொருள்.

நம் தோலுக்கு இயற்கை தந்த ஆடை

கறுப்பும் மாநிறமும் கொண்ட தோலில் மெலனின் என்னும் நிறமி செறிந்திருக்கிறது. உயிரணுவின் கருவுக்கு மேலே குடை விரித்தாற்போல் அமர்ந்து கதிரை உறிஞ்சிக்கொள்வது இதன் பணி. வெயிலில் நிறம் கறுப்பதும் அக்குடை மேலும் விரிவதன் அடையாளமே. வெளிர் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியாவிலோ அனைத்துப் புற்றுநோய்களிலும் இதன் பங்கு சிறியது.

ஆகவே, உடல்நலமுள்ள ஒரு தமிழ்ப்பெண் புற்றுநோய்க்கு அஞ்சி விலையுயர்ந்த சிறப்பு உடையை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெயிலில் நெடுநேரம் நிற்பவர் தோல் வறட்சி, மங்கு, முன்முதிர்வு ஆகியவற்றைத் தவிர்க்க உடலை மூடிக்கொள்வது நன்றே. ஆனால் கறுப்பு ஒரு நோயன்று. நிறத்தை மாற்றுவதாகக் கூறும் களிம்புகளைத் தாமாகவே வாங்கிப் பூசுவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவற்றுள் சில, வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. அவை தோலை மெலியச் செய்து வெயிலைத் தாங்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. வெயிலைவிட அக்களிம்புகள் செய்யும் கேடே இவர்களிடம் பெரிது.

ஆடை மருந்தாகும் சிலர்

பின்வருவோருக்கு வெயிலைத் தடுக்கும் உடை மருத்துவத்தின் ஒரு பகுதியாகும்.

உறுப்பு மாற்று பெற்றவர்கள்: மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் வாழ்நாள் முழுவதும் தரப்படுகின்றன. கெட்டுப்போன தோல் உயிரணுவைக் கண்டறிந்து அழிக்கும் காவலும் அதனால் தளர்கிறது. வெளிர் தோலினரிடம் நடத்திய ஆய்வுகளில், உறுப்பு மாற்று பெற்றோருக்குச் செதிள் உயிரணுப் புற்றுநோய் பிறரைவிடப் பல பத்து மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. நம்மவரிடம் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. எனினும் இல்லவே இல்லை என்று கூற இயலாது. அசாதயோப்ரின் என்னும் மருந்து, தோலைப் புற ஊதா 'ஏ' கதிருக்கு மேலும் இளக்கமாக்குகிறது.

நிறமியின்மையுடன் பிறந்தவர்கள்: அல்பினிசம் எனப்படும் இந்நிலையில் மெலனின் மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. தான்சானியா போன்ற வெப்ப நாடுகளில் இவர்கள் தோல் புற்றுநோயால் இளவயதிலேயே இறந்துபோன துயரம் மருத்துவ ஏடுகளில் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளது. குழந்தைப் பருவத்திலேயே உடையால் மூடிப் பழக்கினால் இம்மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம்.

சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள குழந்தைகள்: கதிரால் சிதைந்த மரபுப் பொருளைச் சீர்செய்யும் ஏற்பாடே இவர்களிடம் குறைபட்டிருக்கிறது. 1968ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளீவர் என்னும் அறிவியலாளர் இதனைக் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாட்டு மரபணு வந்து சேரும்போது தோன்றுவதால், நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. சிறிது வெயிலிலேயே முகம் கன்றிப்போதல், ஒளியைக் கண்டால் கண் கூசுதல், இரண்டு வயதுக்குள் முகத்தில் மச்சம்போன்ற புள்ளிகள் நிறைதல் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். இக்குழந்தைகளுக்குப் பத்து வயதுக்கு முன்பே புற்றுநோய் வரக்கூடும். விரைந்து மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

லூபஸ் நோயாளிகள்: இந்நோய்க்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் இவர்களுக்கு முகத்தில் செந்தடிப்பைக் கொண்டுவருவதுடன், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றிலும் நோயைத் தூண்டிவிடக்கூடும். இங்கே நாம் தடுப்பது புற்றுநோயை அன்று, நோயின் மறுதாக்குதலை.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள்: மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களின் மார்பு, கழுத்து, தோள் பகுதித் தோல் சிகிச்சை முடிந்த பின்னும் மென்மையாகவே இருக்கும். உரசாத, தளர்வான பருத்தித் துணியால் அப்பகுதியை மூடிவைப்பது நலம்.

ஒளிக்கூச்சம் தரும் மருந்து உண்போர்: இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, நுண்ணுயிர்க்கொல்லியான டாக்சிசைக்ளின், பூஞ்சை நோய்க்கான வோரிகோனசோல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை உடலை மூடிக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளி உள்ளவர்கள் குறித்தும் ஒரு சொல். நிறமிழந்த இடம் வெயிலில் எளிதில் கன்றும், அதற்காக மூடிக்கொள்ளலாம். ஆனால் வெண்புள்ளி உள்ளோருக்குத் தோல் புற்றுநோய் மிகுதியாக வருவதில்லை. பிறரைவிடக் குறைவு என்றே பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலால் அந்த அச்சம் வேண்டா.

துணி கதிரைத் தடுக்கும் விதம்

களிம்புக்கு எஸ்.பி.எஃப். என்பதுபோல் துணிக்கு யு.பி.எஃப். என்னும் அளவு உண்டு. யு.பி.எஃப். 50 என்றால், துணியின்மேல் விழும் 50 பங்கு கதிரில் 1 பங்கே தோலைச் சேர்கிறது. அதாவது 2 விழுக்காடு. எஸ்.பி.எஃப். பெரும்பாலும் 'பி' கதிரையே அளக்கிறது, யு.பி.எஃப். 'ஏ', 'பி' இரண்டையும் கணக்கில் கொள்கிறது. இதற்கான தரவரையறையை முதன்முதலில் 1996இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இணைந்து வகுத்தன. 1981இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய புகழ்பெற்ற விழிப்புணர்வு இயக்கம் மக்களுக்குச் சொன்ன மூன்று அறிவுரைகளுள் முதலாவது சட்டையை அணியுங்கள் என்பதே. களிம்பு இரண்டாவதாகவும் தொப்பி மூன்றாவதாகவும் வந்தன. களிம்பு வியர்வையில் வழியும், பூச மறந்தால் பயனில்லை. துணியோ அணிந்திருக்கும் வரை காக்கும்.

ஆனால் எல்லாத் துணியும் ஒரே அளவில் காப்பதில்லை. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் யு.பி.எஃப். ஏறத்தாழ 5 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு கதிர் உள்ளே வந்துவிடும். அதுவே வியர்வையிலோ நீரிலோ நனைந்தால் 3 அளவுக்கு இறங்கும். துணியைத் தேர்ந்தெடுக்கையில் இவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

• நெசவு: இதுவே முதன்மையானது. இழைகளுக்கு இடையில் உள்ள துளை வழியாகத்தான் கதிர் நுழைகிறது. துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபுறம் தெளிவாகத் தெரிந்தால் அத்துணி போதாது.

• நிறம்: கருநீலம், அரக்கு, கரும்பச்சை போன்ற அடர் நிறங்கள் புற ஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சுகின்றன. அடர் நிறத்தில் வெப்பம் சற்றுக் கூடும் என்பதால் தளர்வாக அணிவது நல்லது.

• இழை: பாலியெஸ்டர் இயல்பாகவே கதிரை நன்கு தடுக்கிறது. ஆயினும் நம் வெக்கைக்கு அது ஒவ்வாது. அடர்த்தியாக நெய்த பருத்தியோ, பருத்தி கலந்த பாலியெஸ்டரோ நடுவழியாகும். ஜீன்ஸ் துணி மிகச் சிறந்த காப்பு.

• தளர்வு: உடலோடு ஒட்டி இழுபடும் துணியில் இழைகள் விலகித் துளை பெரிதாகிறது.

• வயது: புதிய பருத்தித் துணி சிலமுறை துவைத்ததும் சுருங்கி நெசவு இறுகும், காப்பு கூடும். நைந்துபோன பழைய துணியில் காப்பு குறையும்.

வயல்வெளி காட்டும் வழி

நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நூறு நாள் வேலையிலும் ஈடுபடும் நம் பெண்களைப் பாருங்கள். புடவையின்மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அச்சட்டையில் எந்தச் சீட்டும் இல்லை. ஆனால் அது தளர்வானது, மணிக்கட்டு வரை மூடுவது, உள்ளே ரவிக்கை இருப்பதால் தோளிலும் முதுகிலும் இரண்டு அடுக்காவது, கழுத்துப்பட்டையும் உடையது. வெயிலைத் தடுக்கும் உடை எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதில் ஏறத்தாழ எல்லாமே அதில் அமைந்துவிட்டது. எனவே, பணம் இல்லாததால் பாதுகாப்பு இல்லை என்று எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை.

புடவையில் மூடப்படாத இடங்கள் எவை என்பதையும் எண்ணிப் பாருங்கள்: பிடரி, ரவிக்கைக்கு மேலுள்ள முதுகு, முன்கை, இடுப்பின் பக்கவாட்டு, புறங்கால். முன்பு குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவர்கள் முழங்கை தாண்டிய கையும் கழுத்தை ஒட்டிய விளிம்பும் கொண்ட ரவிக்கையைத் தைத்துக்கொள்ளலாம். சுடிதார் அணிவோருக்குக் கழுத்துப்பட்டை வைத்த முழுக்கை மேல்சட்டை ஏற்றது. துப்பட்டாவைப் பொறுத்தவரை, மெல்லிய சிஃபானும் ஜார்ஜெட்டும் வெயிலைத் தடுப்பதில்லை; கனமான பருத்தித் துப்பட்டாவை மடித்துப் போட்டால் தடுக்கும்.

தலைக்கு, சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பி சிறந்தது. முன்புறம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் காக்காது. தொப்பி அணியக் கூச்சமாயின் கறுப்புக் குடை பிடியுங்கள். அடர்ந்த கறுப்புக் குடை நேரடியாக விழும் கதிரில் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கக்கூடியது. தரையிலிருந்தும் மணலிலிருந்தும் எதிரொளிக்கும் கதிரைக் குடை தடுக்காது. ஆகவே கடற்கரையில் குடை மட்டும் போதாது. உடை மூடாத முகம், புறங்கை, புறங்கால் ஆகியவற்றுக்கே களிம்பு தேவை.

நோயாளி போலத் தோன்ற வேண்டுமா?

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஓர் இளம்பெண் மீண்டும் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லும்போது, தாம் நோயுற்றவர் என்பதை உடையே ஊராருக்கு அறிவிப்பதை விரும்ப மாட்டார். இது வீண் பகட்டு என்று குடும்பத்தார் கடிந்துகொள்வது தவறு. எவ்வளவு சிறந்த உடையாயினும் அலமாரியில் தொங்கினால் யாரையும் காக்காது. விரும்பி அணியும் உடையே நாள்தோறும் அணியப்படும்.

நல்வாய்ப்பாக, இன்றைய நாகரிகமும் மருத்துவத் தேவையும் பல இடங்களில் ஒன்றுபடுகின்றன. முழுக்கை ரவிக்கை, உயர்கழுத்துக் குர்த்தி, மேலே போட்டுக்கொள்ளும் நீண்ட அங்கி, அகன்ற கால்சட்டை ஆகியவற்றை இன்று எல்லாப் பெண்களும் விரும்பி அணிகின்றனர். அடர் நிறக் கைத்தறிப் பருத்தியில் நெருக்கமாக நெய்த வகையைத் தேர்ந்து, உள்ளூர்த் தையற்காரரிடம் தளர்வாகத் தைக்கச் சொன்னால் அழகும் காப்பும் ஒருங்கே அமையும். யு.பி.எஃப். சீட்டுள்ள உடையை வாங்கும் வசதியுள்ளோர் தாராளமாக வாங்கலாம். குறிப்பாக அல்பினிசம், சீரோடெர்மா உள்ள குழந்தைகளுக்கு அது பயன் தரும். வாங்குமுன் கை, கழுத்து, முதுகு ஆகியவற்றை அவ்வுடை மூடுகிறதா என்று பாருங்கள். 50+ என்று எழுதிய கையில்லாச் சட்டை, கையைக் காக்காது.

உடையே புண்ணாகும் இடம்

வெயிலோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தோல் கறுத்து, தடித்து, உரிந்து, சிலருக்கு ஆறாத புண்ணாகி, அரிதாகப் புற்றுநோயாகவும் மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைப்பதும், கட்டும் இடத்தை மாற்றுவதும், வீட்டில் தளர்த்திக்கொள்வதும் எளிய தடுப்பு முறைகள். இடுப்பில் நாடா பதியும் இடத்தில் ஆறாத புண் இருந்தால் வயதான தாய்மார்கள் கூச்சத்தால் மறைத்துவிடுவார்கள். வீட்டார் கேட்டறிய வேண்டும்.

வைட்டமின் டி குறையாதா?

குறையக்கூடும். உடலை முழுதும் மூடிக்கொள்வோருக்கு இவ்வூட்டம் குறைவது இயல்பு. நம் நாட்டில் மூடிக்கொள்ளாதவரிடமும் இக்குறை பரவலாகவே உள்ளது. இதற்காக வெயிலில் நின்று ஈடுகட்ட முயல வேண்டா. இரத்தப் பரிசோதனை செய்து, தேவையாயின் மருத்துவர் குறிக்கும் அளவில் மாத்திரை உட்கொள்ளலாம். அளவு மீறினால் தீங்கு என்பதால் தாமாக வாங்கி உண்ணுதல் கூடாது.

ஆடை காக்காத இடங்கள்

நம்மைப் போன்ற கறுத்த தோலினருக்கு வரும் மெலனோமா என்னும் கொடிய வகைப் புற்றுநோய், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் ஆகிய இடங்களில் தோன்றுகிறது. 1981இல் 36 வயதில் மறைந்த ஜமைக்கா இசைக்கலைஞர் பாப் மார்லியின் உயிரைப் பறித்தது, கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய இவ்வகை நோயே. எந்த உடையும் இதைத் தடுக்காது. கண்ணால் பார்த்துக் கண்டறிவது ஒன்றே வழி. ஆகவே மாதம் ஒருமுறை குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றைப் பாருங்கள். முதுகையும் பிடரியையும் வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் காலந்தாழ்த்தாமல் தோல் மருத்துவரைக் காணுங்கள்:

• நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாத புண். அல்லது ஆறி, மீண்டும் மீண்டும் தோன்றும் புண்.

• உருவம், நிறம், அளவு மாறிவரும் மச்சம். புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளி. நம் தோலில் அடித்தள உயிரணுப் புற்றுநோயும் கறுப்பாகவே தோன்றுவதால், மச்சம் என்று எண்ணி விட்டுவிட நேர்கிறது.

• நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுவரும் கருங்கோடு.

• பழைய தீப்புண் தழும்பில் புதிதாக வரும் புண் அல்லது கட்டி.

• எளிதில் இரத்தம் கசியும் தடிப்பு.

தொடக்கத்தில் கண்டறியப்படும் தோல் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை சிறிய அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடுகின்றன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உறுப்பு மாற்று பெற்றவர், லூபஸ் நோயாளி, கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடம் "வெயிலுக்கு நான் என்ன அணிய வேண்டும்? என் தோலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்?" என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நாங்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்க மறவாதீர்கள்.